மூன்றாவது ஆல்பம் பற்றி என் அபிப்பிராயம்

பொதுவாக எந்தக் குழுவுக்கும் இரண்டாவது ஆல்பம்தான் காலை வாரும். முதல் ஆல்பத்துக்குச் சரக்கு சேர்க்க ஆயுள் முழுவதும் நேரம் இருந்திருக்கும். இரண்டாவதற்கு ஒரு வருடம் கிடைத்தால் பெரிது. அதற்குள் நாலு பேர் பாராட்டியிருப்பார்கள், நல்ல மைக் வாங்கியிருப்பார்கள், யாரோ ஒரு புண்ணியவான் குரல் இன்னும் கொஞ்சம் தெளிவாக இருந்தால் தேவலை என்று யோசனை சொல்லியிருப்பார். அத்தோடு கதை முடிந்தது. இண்டி, ஆல்டர்நேட்டிவ் என்று சொல்லப்படுகிற ராக் ஆல்பங்களை மட்டுமே நான் வாலிப வயதிலிருந்து கேட்டு வருகிறேன். இந்தச் சறுக்கலை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

மேடம், நடந்ததை முதலிலிருந்து என் சொந்த வார்த்தையில் எழுதச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்பது இதுதான். நான் ஹீட்டரிலிருந்து ஆரம்பிப்பேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். ஹீட்டருக்கும் வருவேன். ஆனால் ஆல்பத்தைச் சொல்லாமல் ஹீட்டரை மட்டும் சொன்னால் நான் ஏதோ கொலைகாரன் மாதிரித் தெரிவேன். அது உங்களுக்கும் எனக்கும் வீண் குழப்பம்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். வீடுகளிலும் கடைகளிலும் இருக்கிற கேஸ் ஹீட்டர், வெந்நீர் பாய்லர் எல்லாம் பழுது பார்ப்பேன். மிச்ச நேரத்தில் இணையத்தில் 'காது' என்ற பெயரில் ஆல்பங்களைப் பற்றி எழுதுவேன். படிக்கிறவர்கள் அதிகமில்லை, ஆனால் படிக்கிறவர்கள் என்னிடம் கொஞ்சம் பயப்படுவார்கள். கடலையே பார்க்காமல் ஆல்பம் முழுக்கக் கடலைப் பற்றிப் பாடிய நால்வர் குழு ஒன்று இருந்தது. அவர்களுக்கு நீச்சல் தெரியுமா என்று மட்டும் கேட்டு ஒரு வரியில் முடித்துவிட்டேன். சுருதி கலைந்த பழைய பியானோவை வைத்துக்கொண்டு ஒரு பெண் தனியாக வீட்டுச் சமையலறையில் பதிவு செய்த ஆல்பத்துக்குப் பத்துப் பக்கம் எழுதினேன். அதில் இரண்டாவது பாட்டின் நடுவில் குளிர்சாதனப் பெட்டி உறுமத் தொடங்கும். அவள் அதை நிறுத்தப் போகவில்லை, அதன் சுருதிக்குத் தன் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டாள். எனக்கு அதுதான் இசை. பிசகில்லாமல் வாசிக்க இயந்திரம் போதும். மனிதன் எந்த இடத்தில் பிசகுகிறான் என்று கேட்கத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இனி குழுவுக்கு வருகிறேன். என் அக்காவுக்கு ஒரே மகள். சின்ன வயதில் ஓயாமல் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள் என்பதால் வீட்டில் எல்லோரும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்குப் போகிற வயது வந்தும் அந்தப் பெயர் போகவில்லை. அவள் பாடுவாள், கிட்டார் வாசிப்பாள். டிரம்ஸ் வாசித்தவன் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தான், அவனை ரொட்டிக்காரன் என்போம். அதிகாலையில் அடுப்படிக்குப் போகிறவன் என்பதால் எப்போதும் பாதிக் கண் மூடியிருக்கும். பேஸ் கிட்டார் வாசித்தவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற உயரமான பெண். அவளை நெட்டை என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள், குனிந்து என்னவென்று கேட்பாள்.

அவர்களுக்குப் பயிற்சி செய்ய இடம் கொடுத்தது நான். என் பட்டறைக்குக் கீழே ஜன்னலே இல்லாத ஒரு அறை உண்டு, பழைய பாய்லர் உறுப்புகளைப் போட்டு வைத்திருந்தேன். அதைக் காலி செய்து, சுவரெல்லாம் பழைய மெத்தைகளை அடித்து, மூலையில் என்னிடம் சும்மா கிடந்த ஒரு கேஸ் ஹீட்டரை மாட்டிக் கொடுத்தேன். அதன் புகைபோக்கிக் குழாய் பின்பக்கச் சந்தில் போய்த் திறக்கும். சுவரில் ஈரம் ஊறுகிற அறை என்பதால் குழுவுக்கு 'ஈரச்சுவர்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மேல்மாடியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அவர் கிளினிக்கை மூடிவிட்டுச் சாப்பிடப் போகிற மத்தியான நேரம்தான் பதிவுக்கு ஏற்றது. மற்ற நேரத்தில் பல்லைக் குடைகிற சத்தம் மெத்தையைத் தாண்டி வந்துவிடும்.

முதல் ஆல்பம் ஒரு குளிர்காலம் முழுக்க அந்த அறையில் உருவானது. பெயர் 'பாதி தூக்கம்'. அதை நான் எப்படிச் சொல்வது. டிரம்ஸ் ஒவ்வொரு அடியும் விழ வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் விழும். விழாமலே போய்விடுமோ என்று மனசு பதறும்போது விழும். ரேடியோவின் குரல் தலையணையில் முகம் வைத்துப் பேசுகிறவளின் குரலாக இருந்தது. மூன்றாவது பாட்டில் அவள் தவறான இடத்தில் கை வைக்கிறாள், இரண்டாம் முறையும் அங்கேயே வைக்கிறாள், அவளுக்கும் தெரியவில்லை, மற்ற இருவருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் நான் அழுதேன். என் அப்பாவைச் சுடுகாட்டுக்கு வழியனுப்பி வைத்த அன்றுகூட எனக்குக் கண் கலங்கவில்லை என்பதை அக்காவே சொல்லுவாள்.

நான் எழுதினேன். சொந்தக்காரப் பெண் என்பதால் தூக்கிவிடுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அடக்கித்தான் எழுதினேன். ஆனால் அது பரவிவிட்டது. பெரிய பெரிய ஆட்கள் அந்த ஆல்பத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். இது திட்டமிட்ட தாமதம் என்றார் ஒருவர். அவசர உலகத்துக்கு எதிரான கலகம் என்றார் இன்னொருவர். ரேடியோ அதையெல்லாம் என்னிடம் படித்துக் காட்டிச் சிரித்தாள்.

"நாங்க வேணும்னு எதுவும் பண்ணல மாமா. அந்த ரூமுக்குள்ள போனா அப்படித்தான் வருது."

கொஞ்ச நாளில் அக்கா போன் செய்தாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், உடம்பு விஷயத்தில் உஷார்.

"டேய், இவ தலைவலி தலைவலின்னு மாத்திரையா முழுங்குறா. உன் ரூமுக்கு வந்துட்டுப் போற அன்னிக்குத்தான் வருது. என்னன்னு பாரு."

பார்த்தேன். பார்த்ததும் விளங்கிவிட்டது. புகைபோக்கிக் குழாயின் ஒரு இணைப்பு விட்டுப்போயிருந்தது. வெளியே போக வேண்டிய கார்பன் மோனாக்சைடு வாயு அறைக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. கொஞ்சமாக உள்ளே போனால் தலைவலி, மயக்கம், கை கால் மந்தம். அதிகமானால் தூங்கிவிடுவார்கள், எழுந்திருக்க மாட்டார்கள். சரி செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் ஹீட்டர் பார்க்கிறவன் சொந்த மருமகள் தலைக்கு மேல் இருந்த குழாயைக் கவனிக்கவில்லை என்று தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும். பூஞ்சை வாசனைதான் காரணம் என்று அக்காவிடம் சொல்லி, சுவருக்கு ஒரு கை வெள்ளை அடித்தேன். அக்கா அரை மனதோடு நம்பினாள். அடுத்த வாரம் அந்த வாயுவுக்கான அலாரம் ஒன்றை வாங்கி வந்து அறைச் சுவரில் அவளே மாட்டிவிட்டுப் போனாள்.

பிறகு இரண்டாவது ஆல்பம், 'காலை ஓட்டம்'. பெயரைக் கேட்டாலே தெரியவில்லையா. அதே அறை, அதே மூன்று பேர், அதே மைக். டிரம்ஸ் டாண் டாண் என்று சரியான இடத்தில் விழுந்தது. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. ரொட்டிக்காரனின் கண் முழுசாகத் திறந்திருப்பது காதிலேயே கேட்டது. உப்புச்சப்பில்லாத சரக்கு. மக்கள் அதை முதல் ஆல்பத்தைவிட அதிகமாகக் கொண்டாடினார்கள் என்பது வேறு விஷயம், மக்களுக்கு எதுதான் பிடிக்காது. நான் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. என் மௌனம்தான் நான் செய்யக்கூடிய மரியாதை.

ஏன் இப்படி ஆயிற்று என்று எனக்கு அப்போது தெரியாது, மேடம். இதை நீங்கள் நம்ப வேண்டும். வயதாகிவிட்டது, வெற்றி கெடுத்துவிட்டது, அலுத்துவிட்டது என்று வாய்க்கு வந்த காரணத்தையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வயதான தம்பதி வீட்டில்தான் பொறி தட்டியது.

ஹீட்டர் சரியாக எரியவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். பெரியவர் கதவைத் திறந்தார்.

"வாங்க தம்பி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள," என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "வாங்க," என்றார்.

அவர் மனைவி நாற்காலியில் சாய்ந்து, "அவருக்கு... காலைலேர்ந்து... ஒரே தூக்கக் கலக்கம்," என்றாள். ஒவ்வொரு வார்த்தையும் வர வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் வந்தது. அந்தத் தாமதம் எனக்கு மனப்பாடம். அந்தக் குரல் எனக்கு மனப்பாடம். அது 'பாதி தூக்கம்' ஆல்பத்தின் குரல்.

உடனே ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் சற்று நேரம் அங்கேயே நின்று அவர்களைப் பேசவிட்டேன். எத்தனை பேரன் பேத்தி என்று கேட்டேன். அந்தம்மா பெயர்களைச் சொல்ல ஆரம்பித்து நடுவில் தொலைந்துபோய், சொன்ன பெயரையே மறுபடி சொன்னாள். அவ்வளவு அழகாக இருந்தது. எனக்கே லேசாகத் தலை கனத்த பிறகுதான் ஜன்னலைத் திறந்து ஹீட்டரை அணைத்தேன். இருவரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தேன். பிற்பாடு அவர்கள் மகன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கினான். என்னைக் கெட்டவன் என்கிறவர்கள் அவனைப் போய் விசாரித்துப் பார்க்கலாம்.

ஆக, பெரிய ஆட்கள் கண்டுபிடித்த கலகமும் திட்டமும் என் குழாயில் விட்டுப்போன ஒரு இணைப்பு. உலகத்தில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டேன். சந்தேகத்துக்கே இடமில்லை. முதல் ஆல்பத்திலேயே எந்தப் பாட்டைக் குளிர் கடுமையான நாளில், ஹீட்டரை முழுசாக வைத்துப் பதிவு செய்தார்கள் என்றுகூட என்னால் சொல்ல முடிந்தது.

அப்போதும் நான் எதுவும் செய்துவிடவில்லை. ரேடியோதான் வந்தாள். பட்டறையில் என் எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. ரெண்டாவது ஆல்பம் உங்களுக்குப் பிடிக்கல, இல்ல?"

"நல்லாத்தான் இருக்கு."

"சும்மா சொல்லாதீங்க. ஊர்ல இருக்கிற குப்பையைப் பத்தியெல்லாம் எழுதுறீங்க. இதைப் பத்தி எழுதவே இல்ல."

"சுத்தமா இருக்கும்மா. சோப்புப் போட்டுக் கழுவின மாதிரி இருக்கு."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிரம்பிவிட்டது. "எனக்கும் தெரியும். முதல் ஆல்பம் எப்படி வந்துச்சுன்னே புரியல. அது மாதிரி இன்னொரு தடவை வரும்னா நான் என்ன வேணா பண்ணுவேன் மாமா."

என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்பது அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை. இதை நீங்கள் அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம்.

வேறு ஒன்றையும் அன்று சொன்னாள். வெளியூரில் ஒரு ரெக்கார்டிங் கம்பெனி அவர்களைக் கூப்பிட்டிருக்கிறது, மூன்றாவது ஆல்பம்தான் என் அறையில் கடைசி, அது முடிந்ததும் மூவரும் கிளம்புகிறார்கள். கம்பெனி ஸ்டூடியோவில் என்ன ஹீட்டர் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சுவருக்குள் மறைத்து வைத்த, பிழையே செய்யாத ஹீட்டர். அப்படிப்பட்ட இடத்தில் அவர்கள் வாழ்நாள் முழுக்க 'காலை ஓட்டம்' ஓடிக்கொண்டிருப்பார்கள்.  ஒரு நல்ல குழு கண்ணெதிரே வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் ஒரு குற்றம்தான், மேடம். அதற்கு உங்களிடம் சட்டப்பிரிவு இருக்காது.

குளிர் இறங்கியதும் பதிவு ஆரம்பித்தது. நான் இணைப்பைத் தளர்த்தினேன். கவனமாகத்தான் செய்தேன். இந்தக் கணக்கு எனக்குக் கை வந்தது. எவ்வளவு வெளியே போக வேண்டும், எவ்வளவு உள்ளே தங்க வேண்டும் என்று கண்ணும் கருத்துமாக வைத்தேன். அக்கா மாட்டிய அலாரத்தின் பேட்டரியை, அது நடுநடுவே கீச்சிடுகிறது, பதிவில் விழுகிறது என்று சொல்லி நெட்டையையே கழற்றித் தரச் சொன்னேன். அவள் உயரத்துக்கு ஸ்டூல்கூடத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் பிறகு நானே கதவைத் திறந்து, வெளியே வந்து கொஞ்சம் நடங்கள் என்று அனுப்பினேன். அந்த அறையில் அவர்கள் மேல் என்னைவிட அக்கறையாக இருந்தவர்கள் யாரும் கிடையாது.

கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் மீண்டும் மீண்டும் கேட்பது அதைத்தான். ஈரத்தில் உப்பிப்போன கதவு அது, சும்மா சாத்தினால் ஓரத்தில் இடைவெளி விடும், சத்தம் போகும், வரும். அதனால் வெளிப்பக்கம் ஒரு இரும்புப் பட்டையைக் குறுக்கே போட்டு இறுக்குவோம். முதல் ஆல்பத்திலிருந்தே அதுதான் எங்கள் வழக்கம். நான் வெளியே படிக்கட்டின் அடியில் ரெக்கார்டரோடு ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாட்டு முடிந்ததும் ரேடியோ மைக்கில் "போதும் மாமா" என்பாள். நான் பட்டையை எடுப்பேன். அவளைப் பூட்டி வைத்தேன் என்று செய்தியில் போட்டிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அவளை நான் நூறு தடவைக்கு மேல் பூட்டித் திறந்திருக்கிறேன்.

பாட்டுகள் வந்தன. முதல் நாளே டிரம்ஸில் அந்த மயிரிழை திரும்பிவிட்டது.  ரேடியோ வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, "மாமா, வந்துடுச்சு," என்றாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் அவ்வளவு சந்தோஷம். நெட்டை வாந்தி எடுத்தாள். ரொட்டிக்காரன் படியிலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டான். மறுநாள் மூவரும் தாங்களாகவே வந்தார்கள். நான் கட்டாயப்படுத்தவில்லை.

அக்கா ஒரு நாள் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"மறுபடி தலைவலிங்கிறா. நீ ஹீட்டரைப் பாத்தியா?"

"பாத்தேன்கா."

"நல்லாப் பாத்தியா?"

"என் தொழிலை எனக்குச் சொல்லித் தராதக்கா. நான் இல்லாம அவங்க ஒரு பாட்டுகூட எடுக்கிறதில்ல. கூடவேதான் உக்காந்திருக்கேன்."

அவள் சமாதானமாகிக் கிளம்பினாள். போகும்போது, மகளுக்குக் கொடு என்று ஒரு கம்பளிச் சால்வையை வைத்துவிட்டுப் போனாள்.

கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. ஆல்பத்தின் நீளமான பாட்டு அது. ஒரே மூச்சில் எடுக்க வேண்டும் என்று ரேடியோ முடிவு செய்திருந்தாள். பல் டாக்டர் மாடியிலிருந்து இறங்கிச் சாப்பிடப் போனார், போகும்போது எனக்கு வணக்கம் சொன்னார். நல்ல வெயில், ஆனால் சில்லென்ற காற்று. அன்று காற்று சந்துக்குள் எதிர்த்திசையில் வீசியது. புகைபோக்கி வாய்க்கு நேராக வீசினால் புகை முழுக்க அறைக்குள்ளேயே திரும்பும் என்று தொழில் தெரிந்த எவனுக்கும் தெரியும். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வேறு நாளுக்குத் தள்ளி வைக்கலாமா என்று யோசித்தேன். மறுவாரம் அவர்கள் வெளியூர் கிளம்புகிறார்கள். ரொட்டிக்காரனுக்கு அன்றோடு லீவு முடிகிறது. பட்டையைப் போட்டேன்.

அந்தப் பாட்டைப் பற்றி என் அபிப்பிராயம் இது. தொடக்கம் சாதாரணம். கிட்டார் கொஞ்சம் தயங்குகிறது, அவ்வளவுதான். இரண்டாவது சரணத்துக்குப் பிறகு டிரம்ஸ் பின்வாங்கத் தொடங்குகிறது. மயிரிழை விரலளவு ஆகிறது, விரலளவு முழம் ஆகிறது. ஒரு கட்டத்தில் அடிகள் தனித்தனியாக, ஒன்றையொன்று தெரியாதவை போல விழுகின்றன. பிறகு விழவில்லை. இப்படி ஒரு துணிச்சலை நான் எந்த ஆல்பத்திலும் கேட்டதில்லை. டிரம்ஸ் இல்லாமல் குரலும் பேஸும் மட்டும் போகின்றன. ரேடியோ வார்த்தைகளை விட்டுவிடுகிறாள், வெறும் சத்தமாக இழுக்கிறாள், சின்ன வயதில் முணுமுணுத்தாளே அந்த முணுமுணுப்பு. பிறகு குரலும் விலகி, பேஸ் மட்டும் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கடைசியில் ஒரு தந்தியின் அதிர்வு மட்டும் மிச்சம். அது முழுதும் அடங்கும்வரை நான் காத்திருந்தேன். அடங்குவதற்கு முன் வெட்டுகிறவன் கசாப்புக்காரன்.

அதற்குப் பிறகுதான் பட்டையை எடுத்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான். ரொட்டிக்காரன் டிரம்ஸின் மேல் கவிழ்ந்து கிடந்தான், மூச்சு இல்லை. நெட்டை நாற்காலியில் இருந்தாள், அவளுக்கு மூச்சு இருந்தது. ரேடியோவுக்கும் இல்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீ பக்கத்துலதானேடா இருந்தே?"

"இருந்தேன்கா."

"பக்கத்துலதானே இருந்தே," என்று மறுபடி சொன்னாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னிடம் பேசவில்லை. எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. அவள் பெற்றவள். ஆனால் அவளுக்கு ஒரு ஆல்பத்தை முழுதாக உட்கார்ந்து கேட்கிற பொறுமை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

விபத்து என்று ஒத்துக்கொண்டிருந்தவன் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்டீர்கள். உங்கள் நிபுணர் கொடுத்த அறிக்கையைப் படித்தேன். பராமரிப்பில்லாத பழைய குழாய், மெக்கானிக்கின் அஜாக்கிரதை என்று எழுதியிருக்கிறார். இத்தனை வருடத் தொழிலில் என் கை பட்ட எந்த இணைப்பும் தானாக விட்டதில்லை, அந்த முதல் குளிர்காலத்தைத் தவிர. மூன்றாவது ஆல்பத்தில் எதுவும் தானாக நடக்கவில்லை. இணைப்பின் ஒவ்வொரு சுற்றும் நான் என் கையால் வைத்தது. அதை அஜாக்கிரதை என்று எழுதுவது என் தொழிலுக்கும் அவமானம், அந்தப் பிள்ளைகளின் உழைப்புக்கும் அவமானம். எதேச்சையாக வந்த சத்தம் என்று நாளைக்கு எவனாவது எழுதுவான். அதைத் தடுக்கத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நெட்டை கண் விழித்து உங்களிடம் பேசியிருக்கிறாள். ரேடியோ பாட்டின் நடுவில் எழுந்து போய்க் கதவைத் தட்டினாள், ரொம்ப நேரம் தட்டினாள், தான் எழுந்திருக்க முடியாமல் தந்தியைத் தொட்டுக்கொண்டே இருந்ததாகச் சொல்லியிருக்கிறாள். மூளைக்குக் காற்றுப் போகாமல் கிடந்த பெண், அவள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்று போன தடவை உங்களிடம் கேட்டேன். மைக் மூன்றும் கதவுக்குத் தள்ளித்தான் இருந்தன, ஹெட்போனில் எதுவும் விழவில்லை என்றும் சொன்னேன். "போதும் மாமா" என்று அவள் சொல்லவில்லை என்றும் சொன்னேன். அது மட்டும் உண்மை. மைக் இருந்த இடத்துக்குத் திரும்பிப் போக அவளால் முடிந்திருக்காது.

ஹெட்போன் தேவையே இல்லை, மேடம். கதவு என் முதுகுக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவள் தட்டியது எனக்குக் கேட்டது. யார் தட்டுகிறார்கள் என்பதும் தெரிந்தது. பேஸ் இன்னும் போய்க்கொண்டிருந்தது, பாட்டு முடியவில்லை. நான் ஹெட்போனின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.